நம்ம வீடு, நம்ம தோட்டம்... துப்பாக்கி வெச்சுக்கலாமா? தாத்தா துப்பாக்கி முதல் புது லைசென்ஸ் வரை!

கணபதியில் வாடகை வீடு, சரவணம்பட்டியில் வேலை, ஊரில் தோட்டத்துச் சாளையில் அப்பாவும் அம்மாவும் மட்டும். கோவையில் இருக்கிற நிறைய பேரோட வாழ்க்கை இப்படித்தான் ஓடிட்டு இருக்கு. ஊரில் பக்கத்து வீடுன்னாலே அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ராத்திரி நாய் குரைத்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போவது 65 வயசு அப்பாதான். இங்கே நாம போனைப் பக்கத்தில் வெச்சுட்டுத் தூங்குவோம்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம், இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். கொங்கு மண்டலமே ஆடிப்போனது. தோட்டத்தில் தனியாக இருப்பவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள் என்ற குரலும் அதன் பிறகுதான் சத்தமாகக் கேட்க ஆரம்பித்தது.

நியாயமான பயம்தான். ஆனால், இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு தப்பான நம்பிக்கையும் வரும். 'வெளியில எடுத்துட்டுப் போனாத்தானே கேஸு? நம்ம வீட்டுக்குள்ள, நம்ம தோட்டத்துக்குள்ள வெச்சிருந்தா யாரு கேக்கப்போறா?' இந்த ஒரு வரியை நம்பி ஜெயிலுக்குப் போகவும் வாய்ப்பு இருக்கு. அதனால சட்டம் என்னதான் சொல்லுதுன்னு கொஞ்சம் பொறுமையா பார்த்துடலாம், வாங்க.

சொந்த இடம்னா சலுகை உண்டா?

இல்லை. ஒரே வார்த்தையில் பதில் இதுதான்.

நம் நாட்டில் துப்பாக்கிக்கான சட்டம் 1959-ம் வருட ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1-ல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-வது பிரிவு மூன்று விஷயங்களுக்கு லைசென்ஸ் கேட்கிறது: துப்பாக்கியை வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது. நடுவில் இருக்கிற 'வைத்திருப்பது' என்ற சொல்லைக் கவனிங்க. பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும், சாளையில் பரண் மேல் சாக்கில் சுற்றி வைத்திருந்தாலும், கிணற்று மோட்டார் ரூமில் ஒளித்து வைத்திருந்தாலும் அது 'வைத்திருப்பது'தான். பட்டா யார் பேரில் இருக்கு, கம்பி வேலி போட்டிருக்கா, சுற்றுச்சுவர் எத்தனை அடி... எதுவும் சட்டத்துக்குக் கணக்கில்லை. தோட்டா மட்டும் இருந்தாலும் இதே கதைதான்.

லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தால், 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சம் 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை, கூடவே அபராதம். தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 வருடம்.

'அமெரிக்காவுல அப்படி இல்லையே?' என்று கேட்பீங்க. நம்ம மனசில் இருக்கிற 'என் வீடு, என் துப்பாக்கி' படம் பாதிக்கு மேல் ஹாலிவுட்டில் இருந்து வந்ததுதான். அங்கே ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791-லேயே அரசியல் சாசனத்துக்குள் வந்துவிட்டது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என்று 2008-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம்ம ஊரில் நிலைமை நேரெதிர். 1878-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் கையில் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் இருக்கக் கூடாது என்பதற்காகவே போடப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் மாறினாலும், லைசென்ஸ் என்ற அடிப்படை மாறவில்லை. அமெரிக்கா போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை கிடையாது என்று 2023 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மறுபடியும் சுட்டிக்காட்டியது.

இதற்கு ஒரு விதிவிலக்கு நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. கர்நாடகாவின் குடகு! கொடவர் இனத்தவருக்கும், 'ஜம்மா' என்ற பரம்பரை நில உரிமை வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் வாங்குவதில் இருந்து விலக்கு உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் ஆரம்பித்த வழக்கம் அது. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கிலும் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. குடகு நண்பன் வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்குவதைப் பார்த்துவிட்டு, 'நம்ம தோட்டத்திலயும் மாட்டலாமே' என்று நினைக்க வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோட்டில் யாருக்கும் அப்படி ஒரு விலக்கு இல்லீங்க.

சரி, லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்?

வயது 21 முடிந்திருக்க வேண்டும். வன்முறை சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்றால், தண்டனைக் காலம் முடிந்து 5 வருடம் வரை வாய்ப்பில்லை. மனநலம், உடல்நலம் இரண்டுக்கும் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019 வரை இது மூன்றாக இருந்தது.

மாவட்டப் பகுதி என்றால் கலெக்டர், காவல் ஆணையரகம் இருக்கிற நகரங்களில் போலீஸ் கமிஷனர்தான் பொதுவாக லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி. விண்ணப்பத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: எதற்காக? உயிர், சொத்துப் பாதுகாப்பா, பயிர்ப் பாதுகாப்பா, விளையாட்டா? தொழில் காரணமாகவோ, இருக்கும் இடம் காரணமாகவோ ஆபத்து இருக்கிறது என்றால் அதைக் காட்ட வேண்டும். கொலை மிரட்டல் வந்து புகார் கொடுத்த ரசீது, தோட்டத்தில் ஏற்கெனவே திருட்டு நடந்த எஃப்.ஐ.ஆர். காப்பி, பெரிய அளவில் பணம் கையாளும் தொழில் என்பதற்கான ஆவணம்... இவைதான் பேசும். 'பயமா இருக்குங்க' என்று மட்டும் எழுதினால் போதாது.

அதன் பிறகு போலீஸ் விசாரணை. உங்க ஏரியா ஸ்டேஷனில் இருந்து வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். குடிப்பழக்கம் எப்படி, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, வரப்புத் தகராறு ஏதும் இருக்கா என்றெல்லாம் பார்ப்பார்கள். பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ சரிவராது என்று தோன்றினால் அதிகாரி மறுக்கலாம். ஆனால், 'உனக்குச் சொத்து போதுமான அளவு இல்லை' என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

எந்த வகைத் துப்பாக்கி? குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வழுவழுப்பான குழல் கொண்ட ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளைத்தான் சட்டம் பாதுகாப்புக்கானதாகப் பார்க்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு முன்பக்கமாக மருந்து கெட்டிக்கிற பழைய மாடலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கைக்கு அடக்கமான ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் 'போதுமான காரணம்' இருக்கிறதா என்று கூடுதலாகப் பார்ப்பார்கள். அதிலும் .32 போர் மாதிரி தடை செய்யப்படாத வகைதான் பொதுமக்களுக்கு. 9 எம்.எம். எல்லாம் சினிமாவோட சரி.

லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இப்போது எல்லா லைசென்ஸும் தேசிய அளவிலான ஒரே டேட்டாபேஸில், தனி அடையாள எண்ணோடு பதிவாகிறது. பழைய நோட்டுப் புத்தக லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால், எண் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிடுங்க.

லைசென்ஸ் வந்தாச்சு... தோட்டத்துக்குள்ள தோள்ல மாட்டிட்டு நடக்கலாமா?

லைசென்ஸ் என்பது ஒரு ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, ஒரு நோக்கத்துக்குக் கொடுக்கப்படுவது. எந்த எல்லைக்குள் செல்லும், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள், அந்த நோக்கத்துக்காக, லைசென்ஸ்தாரர் தன் வீட்டிலும் தோட்டத்திலும் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பது சட்டப்படி சரி.

தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டால் ரூல்ஸ் மாறும். பொது இடத்தில் கைத்துப்பாக்கி என்றால் உறைக்குள், நீளமான துப்பாக்கி என்றால் அதற்கான பைக்குள், முழுசாக மூடியபடி இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதோ, வானத்தைப் பார்த்துச் சுடுவதோ கூடாது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று குஷியில் சுடுவதைத் தனிக் குற்றமாகவே 2019 திருத்தம் சேர்த்தது. 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். அப்பாவுக்கு லைசென்ஸ் இருந்தால் அது அப்பாவுக்கு மட்டும்தான். லீவுக்கு ஊருக்குப் போன மகன் எடுத்துத் தோட்டத்தில் நாலு ரவுண்டு சுட்டுப் பார்ப்பது, அதை ரீல்ஸ் போடுவது... இரண்டு பேருக்குமே சிக்கல். அப்பாவின் லைசென்ஸ் ரத்தாகலாம், மகன் மேல் வழக்கு வரலாம். 2023-ல் ஆயுதங்களோடு இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்ட ஓர் இளம்பெண்ணைக் கோவை போலீஸ் தேடிப் பிடித்துக் கைது செய்தது நினைவிருக்கலாம். போலீஸுக்கு வேறு சாட்சியே தேவையில்லை, வீடியோவே போதும்.

வீட்டில் எப்படி வைக்கணும் என்பதற்கும் விதி உண்டு. பாதுகாப்பாக வைப்பேன் என்று லைசென்ஸ் வாங்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்டா ஏற்றாமல், பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக இன்னொரு பூட்டில், சாவி லைசென்ஸ்தாரரிடம். தலையணைக்கு அடியில் வைக்கிற கதையெல்லாம் சினிமாவில்தான். பேரன் பேத்திகள் ஓடியாடுற வீட்டில் அது தற்கொலைக்குச் சமம்.

பரண் மேல இருக்கிற தாத்தா துப்பாக்கி

உண்மையில், இந்தக் கட்டுரையில் உங்க வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடிய பகுதி இதுவாக இருக்கலாம்.

கொங்குப் பக்கம் பழைய குடும்பங்கள் சிலவற்றில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கும். அவர் பேரில் லைசென்ஸ் இருந்திருக்கும். பன்னி விரட்ட, திருட்டுப் பயத்துக்கு என்று வாங்கியது. தாத்தா தவறிப்போய் பத்து வருடம் ஆகியிருக்கும். துப்பாக்கி மட்டும் 'தாத்தா ஞாபகமா' அப்படியே பரணில் இருக்கும். யாரும் தொட்டதுகூட இல்லை. ஆனால், சட்டத்தின் கண்ணில் அது இப்போது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி.

ஆயுதச் சட்டம் 21-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், லைசென்ஸ் முடிந்துபோனாலோ, ரத்தானாலோ, லைசென்ஸ்தாரர் இறந்துபோனாலோ, அந்தத் துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதம் இல்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தால் பறிபோய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வாரிசு தன் பேரில் லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது லைசென்ஸ் இருப்பவருக்கு விற்கலாம். அதற்கென்று ஒரு காலக்கெடு உண்டு, அதைத் தாண்டிவிட்டால் அரசுக்குப் போய்விடும்.

வாரிசுக்கு மாற்றுவதற்குத் தாத்தா இறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கோ மகளுக்கோ மாற்றித் தர 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வாங்குகிறவர் புது ஆள் மாதிரியே எல்லா விசாரணையையும் தாண்ட வேண்டும் என்பது மட்டும் மாறாது.

'துருப்பிடிச்சுக் கிடக்கு, அதெல்லாம் வெடிக்காதுங்க' என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டம் இதற்கும் அளவுகோல் வைத்திருக்கிறது. ரிப்பேர் பண்ணினாலும்கூடச் சுட முடியாது என்கிற நிலையில் இருக்கும் பழம்பொருளுக்கு மட்டும்தான் விலக்கு. ரிப்பேர் பண்ணினால் வெடிக்கும் என்றால் அது துப்பாக்கிதான். வெடிக்குமா வெடிக்காதா என்று முடிவு செய்வது உங்க மாமா இல்லை, அதைச் சோதிக்கிற நிபுணர்.

இதில் இளசுகளுக்கு என்ன வந்தது? 35-வது பிரிவைப் பாருங்க. பலர் சேர்ந்து வசிக்கிற ஒரு வீட்டில் சட்டவிரோத ஆயுதம் கிடைத்தால், அது அங்கே இருப்பது தெரிந்திருந்த ஒவ்வொருவரும், தனக்குச் சம்பந்தம் இல்லை என்று நிரூபிக்காத வரை, தானே அந்தக் குற்றத்தைச் செய்த மாதிரி பொறுப்பாவார்கள். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன், ஆன்சைட் வாய்ப்பு, அரசு வேலை என்று காத்திருக்கிற வயதில் ஒரு ஆயுத வழக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பரணில் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால் இதைச் செய்யுங்க. முதலில் தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் தேடி எடுங்க. துப்பாக்கியை பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பாதீங்க. அதுவே லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்வதுதான். ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து, ரசீது வாங்குங்க. கிணற்றில் போடுவது, குழி தோண்டிப் புதைப்பது போன்ற 'ஐடியா'க்கள் வேண்டவே வேண்டாம்.

ஏர்கன், லேத் பட்டறை, யூடியூப்

ஏர்கனுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது பாதி உண்மை. குழல் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூல் என்பது எல்லை. அதற்குள் இருந்தால் துப்பாக்கி லைசென்ஸ் தேவையில்லை. தாண்டினால் தேவை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளில் பயன்படுத்துவதும் 4.5 மில்லிமீட்டர்தான். சுடுவதில் ஆர்வம் இருக்கா? ரைஃபிள் கிளப்பில் சேருங்க. முறையான பயிற்சியும் கிடைக்கும், ஆர்வத்துக்கு மரியாதையும் கிடைக்கும். ஆனால், லைசென்ஸ் இல்லாத ஏர்கனை வைத்துத் தோட்டத்துக்கு வருகிற மயிலையோ, கிளியையோ சுட்டால் அது வனவிலங்கு வழக்கு.

அடுத்தது, கணபதிக்கே உரிய விஷயம். லேத், மில்லிங், ஃபவுண்டரி என்று எதைக் கேட்டாலும் செய்து தரக்கூடிய ஊர் இது. 'குழாய்தானே, கடைஞ்சு குடுத்துடலாம்' என்று தோன்றலாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. தனக்காகச் செய்தாலும் சரி, விற்கச் செய்தாலும் சரி. ரிப்பேர் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும். 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் வாகனச் சோதனையில் இளைஞர்கள் துப்பாக்கிகளோடு சிக்கினார்கள். யூடியூப் பார்த்துச் செய்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. வழக்கு கடைசியில் என்.ஐ.ஏ. வரை போனது. பட்டறை வைத்திருப்பவர்கள், யாராவது 'இந்த டிராயிங்குக்கு ஒரு பீஸ் போட்டுக் குடுங்க' என்று வந்தால், என்ன பொருள் என்று கேட்காமல் மெஷினில் ஏற்ற வேண்டாம்.

பன்னிக்கும் யானைக்கும் துப்பாக்கி தீர்வா?

தடாகம், மருதமலை, நரசீபுரம், மதுக்கரை பக்கமெல்லாம் திருடனைவிட யானைதான் பெரிய கவலை. சமவெளித் தோட்டங்களில் பன்னியும் மயிலும். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் இருந்தாலும்கூட வனவிலங்கைச் சுடுவதற்கு அது அனுமதிச் சீட்டு கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. யானை, மயில் இரண்டுமே உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. ஒரு மனித உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாத நேரத்தில், நல்லெண்ணத்தில் செய்தது என்றால் மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. வாழைத்தோப்பைக் காப்பாற்ற அந்த விலக்கு இல்லை.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றிகளைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். இதைக் கேட்டதும் பல பேர் 'இனி நாமளே சுடலாம்' என்று புரிந்துகொண்டார்கள். சுடுவது வனத்துறை ஆட்கள், விவசாயிகள் இல்லை. பயிர்ச் சேதம் என்றால் வனத்துறையிடம் மனு கொடுங்க, இழப்பீடு கேளுங்க. நாட்டுத் துப்பாக்கி, அவுட்டுக்காய் பக்கம் போனால் பன்னியோடு நம்ம வாழ்க்கையும் போய்விடும்.

திருடன் உள்ளே வந்துட்டா சுடலாமா?

பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்ததேதான், 2024 ஜூலை 1 முதல் நம்பர் மட்டும் மாறியிருக்கிறது. நம் உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான பயம், பாலியல் தாக்குதல், கடத்தல்... இப்படிப்பட்ட நிலையில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்பு செல்லும். சொத்து விஷயத்திலும் கொள்ளை, சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது போன்றவற்றுக்கு இதே அளவு உரிமை உண்டு.

ஆனால், மூன்று கடிவாளங்கள் இருக்கு. ஒன்று, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. இரண்டு, தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. பகலில் தேங்காய் பறித்தவனைச் சுட முடியாது. மூன்று, ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிந்தது. வேலி தாண்டி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு இல்லை, பழிவாங்கல்.

தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கு இதில் முக்கியமானது. 1991-ல் நடந்த நிலத் தகராறு. தன்னைத் தாக்க வந்தவர்கள் மேல், லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டார் ஒருவர். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2010-ல் உச்ச நீதிமன்றம் தற்காப்பு உரிமையை ஏற்று விடுதலை செய்தது. தாக்க வருபவன் முன்னால் கோழையாக நிற்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஜெயித்தார்தான். ஆனால், சுட்ட அந்த நொடிக்கும் நிரபராதி என்ற சொல்லுக்கும் நடுவில் 19 வருடம்.

அப்போ, அப்பாவுக்கு லைசென்ஸ் எடுக்கலாமா வேண்டாமா?

உண்மையான ஆபத்து இருந்தால், அப்பா உடலாலும் மனதாலும் அதைக் கையாளக்கூடியவர் என்றால், விண்ணப்பிப்பது அவர் உரிமை. முடிவெடுக்கும் முன் சில கேள்விகளைக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்க.

பூட்டிய பெட்டியில் துப்பாக்கி, இன்னொரு பூட்டில் தோட்டா. ராத்திரி 2 மணிக்குத் தூக்கத்தில் எழுந்து, கண்ணாடி தேடி, இரண்டு பூட்டையும் திறந்து, இருட்டில் ஏற்றி, குறி பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா இல்லாத நேரம் அம்மா அதைத் தொட முடியாது என்றால், அம்மாவுக்கு என்ன பாதுகாப்பு? சட்டமன்றத் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் என்று ஒவ்வொரு முறையும் நோட்டீஸ் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த வாரங்களில்? 'இந்தத் தோட்டத்தில் துப்பாக்கி இருக்கு' என்று ஊருக்கே தெரிந்த பிறகு, அதைத் திருடுவதற்காகவே யாராவது வந்தால்? வீட்டில் குடி, மன அழுத்தம், பங்காளிச் சண்டை இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும், துப்பாக்கி திரும்பப்போவது திருடன் பக்கம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிற குடும்பங்களும் உண்டு. அவங்க தாராளமாக விண்ணப்பிக்கட்டும். மற்றவங்களுக்கு, லைசென்ஸ் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனதுமே செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கு.

* சாளையைச் சுற்றி அசைவைப் பார்த்ததும் தானே எரிகிற லைட். தோட்டத்துக்கு சோலார் மாடலே போதும்.
* உங்க போனில் லைவாகத் தெரிகிற சிசிடிவி. ரெக்கார்டிங் வீட்டுக்குள் மட்டும் இருந்தால் திருடன் அதையும் தூக்கிட்டுப் போயிடுவான், அதனால கிளவுடிலும் சேமிக்கிற மாதிரி செட் பண்ணுங்க.
* தெருப் பக்கம் கேட்கிற சைரன், அதற்கான சுவிட்ச் படுக்கைக்குப் பக்கத்தில்.
* அம்மா, அப்பா போனில் 112 ஸ்பீட் டயலில். தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப்பை இன்ஸ்டால் பண்ணி, ஒரு தடவை காட்டியும் கொடுங்க.
* பக்கத்துத் தோட்டக்காரர்களோடு ஒரு வாட்ஸ்அப் குரூப். ராத்திரி ஒரு மிஸ்டு கால் வந்தால் எல்லோரும் லைட்டைப் போட்டு வெளியே வருவது என்று பேசி வையுங்க.
* நகையும் பணமும் பேங்க் லாக்கரில். 'அங்க ஒண்ணும் இருக்காது' என்று ஊருக்குத் தெரிவதே பெரிய பாதுகாப்பு.
* பீட் போலீஸின் நம்பரை வாங்கி, வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்க. ரோந்துப் பட்டியலில் உங்க தோட்டம் இருக்கான்னு கேளுங்க.

கடைசியாக இன்னொன்று. ஊருக்குப் போகும்போது பரணையும் ஒரு தடவை ஏறிப் பாருங்க. அங்கே சாக்கில் சுற்றி ஏதாவது இருந்தால், அதை என்ன செய்யணும்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.